இலவசக் கல்விக்கு யார் கொடுக்கிறார்கள் விலை?

2022-ம் வருஷம் மார்ச் மாதத்தில் இலங்கையில் ஒரு காரியம் நடந்தது. தலைநகர் கொழும்பு உள்ளிட்ட மேல் மாகாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்க வேண்டிய தவணைப் பரீட்சையை ஒத்திப் போட்டார்கள். வெள்ளம் வந்ததா? இல்லை. கலகமா? அதுவும் இல்லை. வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை, மை இல்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்க டாலர் இல்லை. அடுத்த மாதம் 12-ந் தேதி, அந்நியக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று சர்க்கார் பகிரங்கமாகக் கையை விரித்தது. ஜூன், ஜூலையில் பெட்ரோலும் டீசலும் கிடைக்காமல் பள்ளிக்கூடங்களையே வாரக்கணக்கில் மூடினார்கள்.

செய்தியைப் படித்தவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். நாம் அப்படிப் புரட்டிவிட முடியாது. அந்தத் தீவின் மலைகளில் தேயிலை கிள்ளுகிறவர்கள் யார்? திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து, கங்காணியின் வார்த்தையை நம்பிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள். நம்மில் எத்தனையோ பேருக்கு அங்கே ஒரு கிளைக் குடும்பம் இருந்தது, சிலருக்கு இன்றும் இருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். ஏழை தேசங்களில் ஏழைப் பிள்ளை சம்பளம் கட்டாமல் பள்ளியிறுதி வரைக்கும், அதற்கு மேலும் படிக்கலாம் என்று முதலில் செய்து காட்டிய தேசங்களில் ஒன்று இலங்கை. அங்கே அது எப்படி வந்தது, இன்று எப்படி ஒழுகிக்கொண்டிருக்கிறது என்பதை அறிவது நமக்கும் அவசியம்.

வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே இரண்டு வகைப் பள்ளிக்கூடங்கள். சம்பளம் கட்டிப் படிக்கும் இங்கிலீஷ் பள்ளி ஒன்று. அதில் படித்தவனுக்கே கச்சேரி வேலை, டாக்டர் படிப்பு, வக்கீல் படிப்பு எல்லாம். சிங்களத்திலோ தமிழிலோ நடக்கும் ஏழைப் பள்ளி மற்றொன்று. அதில் படித்தவன் மீண்டும் வயலுக்கே போக வேண்டும். மிஞ்சினால் அதே மாதிரிப் பள்ளியில் வாத்தியாராகலாம். சம்பளம் கட்ட முடிகிறவனின் மகனுக்கு அதிகாரம், முடியாதவனின் மகனுக்கு மண்வெட்டி என்பதுதான் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை உடைத்தது எது? 1931-ல் இலங்கையில் வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்தது. ஆசியாவில் அதற்கு முன் எங்கும் அது வந்ததில்லை. கைநாட்டு வைக்கிற குடியானவனின் வீட்டு வாசலில் கனவான்கள் ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. ஓட்டு வந்த பதினாலாவது வருஷம், 1945 அக்டோபர் முதல் தேதி, இலவசக் கல்வித் திட்டம் அமலுக்கு வந்தது. அன்றைய கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையில் ஒரு கமிட்டி 1943-ல் கொடுத்த அறிக்கைதான் அதற்கு அடிப்படை. நகரத்துச் சீமான்களின் பள்ளிக்கு ஈடாகக் கிராமப்புறங்களில் 54 மத்திய மகா வித்தியாலயங்களைத் திறந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்து, கெட்டிக்கார ஏழைப் பிள்ளையைப் பொறுக்கி எடுத்து, அந்தப் பள்ளிகளில் சர்க்கார் செலவில் தங்க வைத்துப் படிக்க வைத்தார்கள். பணக்காரர்களும் பள்ளி நடத்தி வந்த நிர்வாகங்களும் சும்மா இருக்கவில்லை. பலத்த எதிர்ப்பு கிளம்பியது. 1947 தேர்தலில் கன்னங்கரா தோற்றுப் போனார். ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க எவனுக்கும் துணிவு வரவில்லை.

ஒருமுறை கை வைத்துப் பார்த்தார்கள். 1953-ல் நிதி மந்திரியாயிருந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனா பட்ஜெட் போட்டார். படி அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ரயில் கட்டணம் ஏறியது. பள்ளிப் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டையும் வெட்டினார்கள். ஆகஸ்டு 12-ந் தேதி தேசம் முழுவதும் ஹர்த்தால். துறைமுகம் ஓயவும், ரயில் நிற்கவும், கிராமங்களில் ஜனங்கள் ரோட்டை மறித்து உட்காரவும், மந்திரிசபை பயந்துபோய்க் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரிட்டிஷ் யுத்தக் கப்பலில் ஏறி உட்கார்ந்து கூட்டம் போட்டது! துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயகா ராஜினாமாச் செய்தார். பிள்ளைகளின் தட்டில் கை வைப்பதற்கு என்ன விலை என்பது அன்றைக்கே அங்குள்ள ஆளும் வர்க்கத்துக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் பிற்பாடு வந்த வலதுசாரிச் சர்க்கார்கள்கூட 1980-ல் இலவசப் பாடப் புத்தகமும் 1993-ல் இலவசச் சீருடையும் கொடுக்க வேண்டி வந்தது. தானாகக் கனிந்த மனசு அல்ல அது.

இவ்வளவும் பெருமைதான். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் தலைமடைக்குப் பாய்ந்த பிறகுதானே கடைமடை? கடைமடைக்காரனுக்கு அது தெரியும். இலங்கையின் இலவசக் கல்விக்குக் கடைமடை எது என்றால், தேயிலைத் தோட்டம்.

1920-லேயே வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டிருந்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்று. நிர்வாகம் வைத்த பள்ளி என்ன பள்ளி? ஒரு கொட்டகை, ஒரு உபாத்தியாயர், ஐந்து வகுப்பும் ஒரே இடத்தில். ஐந்தாவது முடிந்தால் கையில் கூடை. துரைக்கு வேண்டியது கொழுந்து கிள்ளும் விரல்தானே தவிர, பேனா பிடிக்கும் விரல் அல்ல! 1945-ல் தேசம் பூராவும் இலவசக் கல்வி வந்தபோதும் இந்தக் கொட்டகைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. மூன்று வருஷம் கழித்து, 1948-ல், அந்த ஜனங்களின் பிரஜாவுரிமையே பறிபோயிற்று. ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஒரு சட்டத்தில் நாடற்றவர்களாக்கினார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. ஓட்டுரிமை வந்ததனால் இலவசக் கல்வி வந்தது என்று மேலே சொன்னோம். ஓட்டுரிமை போனவனுக்கு எந்தக் கல்வி வரும்? 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அந்த அமளியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை யார் நினைத்தார்கள்?

1972-லும் 1975-லும் தோட்டங்கள் தேசிய உடைமையான பிறகுதான், அந்தப் பள்ளிகளைச் சர்க்கார் கட்டங்கட்டமாகத் தன் கையில் எடுத்தது. அதாவது மற்றப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் பின்னால். கட்டிடம் கட்ட ஸ்வீடன் பணம் கொடுத்தது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கப் பத்தனையில் ஒரு கல்லூரி எழுப்ப ஜெர்மனி உதவியது. எஞ்சியிருந்தவர்கள் அனைவருக்கும் பிரஜாவுரிமை என்பது 2003-ம் வருஷத்துச் சட்டத்தில்தான் முழுமையாயிற்று. முன்னேற்றமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. லயத்து அறையிலிருந்து படித்து ஆசிரியரானவர்கள், பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டாள். கணக்கில் கெட்டி. மேலே விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் அவள் பள்ளியில் அந்தப் பிரிவே கிடையாது. தமிழில் விஞ்ஞானம் சொல்லித்தர ஆசிரியர் கிடையாது. ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போக வேண்டும்; பஸ் சத்தம், தங்குமிடம், சாப்பாடு. தாய்க்குக் கூலி என்ன? 2021-ல் சர்க்கார் கெஜட்டில் போட்டு நிர்ணயித்த குறைந்தபட்ச நாட்கூலி 1,000 ரூபாய். நம் பணத்தில் நானூறுக்கும் குறைவு. அந்த ஆயிரத்துக்கே தொழிலாளர்கள் வருஷக்கணக்காகக் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. ஆகவே அந்தப் பெண் கொழும்பில் ஏதோ ஒரு கடைக்கோ, யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக்கோ போகிறாள். கல்வி இலவசம்தான். யாரும் அவளிடம் சம்பளம் கேட்கவில்லை!

மலையகத்துக்கு மட்டும் உரிய துயரம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. சிங்களக் கிராமத்து விவசாயியின் பிள்ளைக்கும், யுத்தம் மிதித்துச் சென்ற வன்னிப் பிள்ளைக்கும் அளவில்தான் வித்தியாசம். தேசத்தில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சர்க்கார் பள்ளிகள் இருக்கின்றன. உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை அவற்றில் ஏறக்குறையப் பத்தில் ஒன்று. தேசியப் பள்ளிகள் என்று மத்திய சர்க்கார் நேரடியாக நடத்தும் பள்ளிகள் நானூறுக்குள். பெயர் பெற்ற பள்ளிகள் நகரங்களில். மற்றவையெல்லாம் மற்றவை.

இங்கேதான் அந்த ஐந்தாம் வகுப்புப் பரீட்சையின் கதையைச் சொல்ல வேண்டும். ஏழைப் பிள்ளை ஏறுவதற்கு என்று 1940-களில் சாத்திய ஏணி அது. ஊருக்குப் பக்கத்தில் நல்ல பள்ளி இருந்தால் ஏணி எதற்கு? நல்ல பள்ளிகளைப் பெருக்காமல் விட்டதனால், ஏணி இன்று ரேஷன் கடைக் கியூவாகிவிட்டது. வருஷம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், பத்து வயதுப் பிள்ளைகள், அந்தப் பரீட்சை எழுதுகிறார்கள். தேறுகிறவர்கள் சிறு பகுதி. தேற வேண்டுமே என்று எட்டு வயதிலேயே டியூசன். பள்ளி விட்டதும் ஒரு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பு. பெரிய வகுப்புக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். கொழும்புக்குப் பக்கத்தில் நுகேகொடை என்ற ஊரில் சினிமா நட்சத்திரங்களைப் போல டியூசன் வாத்தியார்களின் படம் போட்டுச் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் அடைத்துப் பாடம் நடக்கிறது. பள்ளியில் இலவசம், பாடம் விலைக்கு. உயர்தரப் பரீட்சையில் தேறித் தகுதி பெற்றாலும், சர்க்கார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான். நாலு பேருக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு, ஓடிப்போய் உட்கார் என்றால், செருப்புள்ளவன்தானே முந்துவான்?

பள்ளிக்குள்ளும் கதை வேறல்ல. வசதிக் கட்டணம், அபிவிருத்திச் சங்கச் சந்தா, பெயின்ட் அடிக்க, மின்விசிறி மாட்ட என்று தாய் தகப்பனிடம் வசூல். பணமுள்ள பெற்றோர் உள்ள பள்ளி மினுங்குகிறது. இல்லாத பள்ளியில் கூரை ஒழுகுகிறது. 2022-க்குப் பிறகு நோட்டுப் புத்தகம் (கொப்பி என்பார்கள் அங்கே), செருப்பு, பஸ் கட்டணம் எல்லாம் ஏறிய வேகத்தில், இரண்டு பிள்ளைகள் உள்ள கூலிக்காரன் இன்றைக்கு எந்தப் பிள்ளையை அனுப்புவது என்று யோசிக்கும்படி ஆயிற்று. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016-ல் சட்டம் போட்டார்கள். சட்டத்துக்கு அரிசி விலை தெரியாது.

இன்னொரு சங்கதி. ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. இவற்றை மூடிவிடலாம், பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சு மீண்டும் மீண்டும் கிளம்புகிறது. பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? கணக்குக்கு ஆசிரியர் இல்லை, இங்கிலீஷுக்கு இல்லை, கக்கூஸ் இல்லை. வழியுள்ளவன் பிள்ளையை டவுனுக்கு அனுப்புகிறான். வழியில்லாதவனின் பிள்ளை மட்டும் மிஞ்சுகிறது. பிறகு "பிள்ளைகள் வரவில்லையே, எப்படி நடத்துவது?" என்று கேட்கிறார்கள். மில்லில் ஒரு பகுதிக்குப் பஞ்சு கொடுக்காமல் ஓட்டத்தைக் குறைத்து, பிறகு அந்தப் பகுதி நஷ்டம் என்று கணக்கெழுதி மூடுகிற வித்தையைப் பார்த்த தொழிலாளிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்முடைய கிராமத்துப் பள்ளிகளின் வாசலிலும் இதே பேச்சை நாம் கேட்டிருக்கிறோம்.

ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். 2015 வாக்கில் மலையகப் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்கள் என்று இளைஞர்களை எடுத்தபோது அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 6,000 ரூபாய். நம் பணத்தில் மூவாயிரத்துக்கும் குறைவு. பிறகு அது 10,000 ஆயிற்று. இந்தப் பணத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு தேசத்தின் எதிர்காலத்தையும் உருவாக்க வேண்டும்! கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது டெலிபோனில் பாடம் நடத்தச் சொன்னார்கள். சொந்தக் காசில் டேட்டா வாங்கி நடத்தினார்கள். ஊவா மாகாணத்து மலைக்கிராமங்களில் சிக்னல் கிடைக்காமல் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பாறைமேல் ஏறி உட்கார்ந்த படங்கள் 2021-ல் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அதே வருஷம் ஜூலையில், இருபது வருஷத்துக்கு மேலாகத் தீராத சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி ஆசிரியர்கள் அந்தப் பாடத்தை நிறுத்தினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் உறுதியாக நின்றார்கள். இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினைக் கூட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் பிடித்து, நோய்த் தடுப்பு என்று சொல்லித் தனிமை முகாமில் அடைத்தார்கள். நோயைப் பரப்புவதாகக் குற்றச்சாட்டு. அவர்கள் பயந்த நோய் எது என்பது ஊருக்கே தெரியும். 2022 ஆகஸ்டிலும் அவரைச் சங்க அலுவலகத்திலேயே கைது செய்தார்கள்.

"சின்ன தேசம். கடனில் மூழ்கிய தேசம். பணத்துக்கு எங்கே போவார்கள்?" என்று ஒரு வாதம் உண்டு. நேர்மையாகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது கடமை. 1945-ல் இலங்கை இன்றைக்கிருப்பதைவிடப் பணக்கார தேசமாகவா இருந்தது? யுத்தம் முடிந்த சமயம், தேசம் இன்னும் அந்நியன் கையில். அன்றைக்கு முடிந்தது. இன்றைக்கோ, தேசத்தில் ஒரு வருஷத்தில் விளைவதையும் உற்பத்தியாவதையும் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கல்விக்குச் சர்க்கார் போடுவது சமீப வருஷங்களில் இரண்டு ரூபாயைச் சுற்றியோ அதற்கும் கீழாகவோதான் இருந்து வருகிறது. நாலு முதல் ஆறு வரை வேண்டும் என்பது உலக தேசங்கள் கூடி ஒப்புக்கொண்ட அளவு. பணம் எங்கே போகிறது? 2022, 2023 வருஷங்களில் சர்க்காருக்கு வந்த வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வட்டிக்கே போயிற்று. அசலுக்கு அல்ல, வட்டிக்கு. யுத்தம் 2009-ல் முடிந்தது; பட்டாளத்துச் செலவு முடிந்தபாடில்லை. 2019 டிசம்பரில் கம்பெனிகளுக்கு வருமான வரியை 28 சதவிகிதத்திலிருந்து 24 ஆக வெட்டினார்கள். விற்பனை மீதான வாட் வரியை 15-லிருந்து 8 ஆக்கினார்கள். கஜானா காலி. பிறகு சர்வதேச நிதி நிறுவனத்திடம் போய் நின்று, 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். 2024 ஜனவரியில் வாட் வரி 18 ஆயிற்று. கொடுத்தபோது கம்பெனிக்காரனுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாங்குகிறபோது சோப்பு வாங்குகிறவனிடம் வாங்குகிறார்கள். பணம் இல்லை என்பதல்ல விஷயம். யாரிடம் கேட்பது என்பதில்தான் தகராறு.

கடன்காரன் நேரடியாக வந்து "பள்ளியை மூடு" என்று சொல்வதில்லை. ஆள் எடுப்பதை நிறுத்து, செலவைச் சுருக்கு, வரவு செலவில் உபரி காட்டு என்கிறான். காலியான ஆசிரியர் இடம் காலியாகவே கிடக்கிறது. கன்னங்கராவின் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட எவரும் அழிக்கவில்லை. 1981-ல் வெள்ளை அறிக்கை என்று ஒன்றைப் போட்டு மாற்றப் பார்த்து, மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்ததால் விட்டுவிட்டார்கள். அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள் போலும். சட்டத்தை மாற்றினால் ஜனங்கள் ரோட்டுக்கு வருவார்கள். பணத்தைக் குறைத்தால் டியூசனுக்குப் போவார்கள்.

ஆனால் ரோட்டுக்கு வந்தவர்களும் உண்டு. 2012-ல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளக் கோரிக்கையோடு நிற்காமல், கல்விக்கு ஆறு சதவிகிதம் ஒதுக்கு என்று முழங்கினார்கள். காலியிலிருந்து கொழும்புக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வந்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதம் அந்தக் கோரிக்கையில் இல்லை. நம்முடைய தேசத்திலும் 1966-ல் கோத்தாரி கமிஷன் அதே ஆறைத்தான் சொன்னது; இங்கும் அது இன்னும் ஏட்டிலேயே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

அந்த ஆறு சதவிகித இயக்கத்தில் நின்ற விரிவுரையாளர்களில் ஒருவர் ஹரினி அமரசூரிய. 2024-ல் அவர் இலங்கையின் பிரதமரானார். கல்வி இலாகாவையும் அவரே ஏற்றார். அவருடைய தேசிய மக்கள் சக்தி தேர்தலில் ஆறு சதவிகிதத்தை லட்சியமாகச் சொன்னது. தோட்டப் பகுதியான நுவரெலியா ஜில்லாவிலும் ஓட்டு வாங்கியது. கையில் முந்தின சர்க்கார் போட்டுச் சென்ற கடன் ஒப்பந்தமும் இருந்தது. கடன்காரனுக்குக் கொடுத்த வாக்கும், காலி ரோட்டில் நடந்தபோது பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கும் ஒன்றுக்கொன்று இடிக்கிறபோது, எதை முதலில் காப்பாற்றுவது என்பதற்கு மேடைப் பேச்சு தேவையில்லை. தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளியில் தமிழில் விஞ்ஞானம் சொல்லித்தர ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தாரா என்று அங்குள்ள தாய்மார்கள் கேட்கிறார்கள். நாமும் அதையே கேட்கிறோம்.